பிசியா, கன்சோலா: பெங்களூரில் வாங்கப்போகிறவருக்கான கணக்கு

பெங்களூரில் ஐடி நிறுவனங்களில் வேலை பார்க்கும் தமிழர்களில் பெரும்பாலோரிடம் ஏற்கெனவே ஒரு லேப்டாப் இருக்கிறது; ஆனால் அது அவர்களுடையது அல்ல. அலுவலகம் கொடுத்த அந்த லேப்டாப்பில், பிசி கேம்களை வாங்கி விளையாடப் பயன்படும் ஸ்டீம் செயலியை நிறுவ முடியாது, முடிந்தாலும் நிறுவக் கூடாது. கேம் விளையாடுவதற்கு பிசி வாங்குவதா, பிளேஸ்டேஷன் அல்லது எக்ஸ்பாக்ஸ் போன்ற கன்சோல் வாங்குவதா என்று யோசிப்பவர்கள் முதலில் கவனிக்க வேண்டியது இதைத்தான் என்று நினைக்கிறேன். பிசியின் பக்கம் சொல்லப்படும் வாதங்களிலேயே வலுவானது, எப்படியும் வீட்டுக்கு ஒரு கணினி தேவை, அதிலேயே கேமும் விளையாடிக்கொள்ளலாம் என்பது. கல்லூரி மாணவருக்கு அந்த வாதம் முழுமையாகப் பொருந்தும். அலுவலக லேப்டாப்பிலேயே வருமான வரிக் கணக்கு முதல் ரயில் டிக்கெட் வரை எல்லாவற்றையும் முடித்துக்கொள்பவருக்கு அது பாதிகூடப் பொருந்தாது. அவர் வாங்கும் பிசி கேமுக்காக மட்டுமே வாங்கும் பிசிதான்.

இருந்தும் காற்று பிசியின் பக்கம்தான் வீசுகிறது என்பதை மறுக்க முடியாது. 2003இல் தொடங்கிய ஸ்டீமில் ஒரே நேரத்தில் இணைந்திருப்பவர்களின் உச்ச எண்ணிக்கை 2020 மார்ச்சில்தான் 2 கோடியைத் தொட்டது. 2025 மார்ச்சில் அது 4 கோடியைத் தாண்டிவிட்டது. இதற்குப் பல காரணங்கள் சொல்லப்பட்டாலும், கன்சோலை வாங்க வைத்த பழைய தூண்டிலை கன்சோல் நிறுவனங்களே கழற்றிப் போட்டதுதான் முக்கியக் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. முன்பெல்லாம் சோனியின் பெரிய கேம்களை விளையாட வேண்டுமானால் பிளேஸ்டேஷன் வாங்கியே ஆக வேண்டும். 2020 ஆகஸ்டில் ஹொரைசன் ஜீரோ டான் பிசிக்கு வந்தது. 2022 ஜனவரியில் காட் ஆஃப் வார் வந்தது. 2024 பிப்ரவரியில் ஹெல்டைவர்ஸ் 2 இரண்டிலும் ஒரே நாளில் வெளியானது. மைக்ரோசாஃப்டோ தன் கேம்களை எக்ஸ்பாக்ஸுக்கும் பிசிக்கும் ஒன்றாகவே தருவதோடு நிற்காமல், ஃபோர்ஸா ஹொரைசன் 5ஐ 2025இல் பிளேஸ்டேஷன் 5க்கும் (பிஎஸ்5) கொண்டுவந்துவிட்டது. ஆக, எக்ஸ்பாக்ஸில் மட்டும் கிடைப்பது என்று இன்று சொல்லிக்கொள்ள அநேகமாக எதுவும் இல்லை. பிளேஸ்டேஷனில் மட்டும் கிடைத்தவற்றிலும் பல, ஓரிரு ஆண்டு கழித்து பிசிக்கு வந்திருக்கின்றன.

இந்தியாவில் இதற்கு இன்னொரு வேரும் உண்டு. இரண்டாயிரங்களில் பிரவுசிங் சென்டர்களில் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து கவுன்டர் ஸ்ட்ரைக் ஆடிய தலைமுறைக்கு, கேம் என்றாலே கீபோர்டும் மவுஸும்தான். அதன் வாரிசான கவுன்டர் ஸ்ட்ரைக் 2 கன்சோலுக்கே வரவில்லை. 2020இல் பிசிக்கு வந்த வேலரன்ட், நான்கு ஆண்டுகள் கழித்துத்தான் பிஎஸ்5க்கும் எக்ஸ்பாக்ஸுக்கும் போனது. இரண்டும் இலவசம், மும்பையில் சர்வர் இருப்பதால், பெங்களூரில் ஓரளவு நல்ல ஃபைபர் இணைப்பு வைத்திருப்பவருக்கு பிங், அதாவது சர்வருக்குத் தகவல் போய்த் திரும்பும் தாமதம், ஒரு பிரச்சினையே இல்லை. உங்கள் நண்பர்கள் இரவு பத்து மணிக்கு மேல் கூடுவது இந்த இரண்டில் ஒன்றில் என்றால், இந்தக் கட்டுரையின் மீதியைப் படிக்காமலேயே பிசி வாங்கலாம். யாரோடு விளையாடுகிறோம் என்பது எந்தத் தொழில்நுட்ப அம்சத்தையும்விடப் பெரிய காரணம்.

இதற்கு நேர் எதிரான ஒரு விதிவிலக்கும் இருக்கிறது. ஜிடிஏ 6, 2026 நவம்பர் 19 அன்று பிஎஸ்5க்கும் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் கன்சோல்களுக்கும் வரும் என்று அறிவித்த ராக்ஸ்டார் நிறுவனம், அந்த அறிவிப்பில் பிசியைக் குறிப்பிடவில்லை. அந்த நிறுவனத்தின் வழக்கம் அப்படி. ஜிடிஏ 5 கன்சோலுக்கு வந்தது 2013 செப்டம்பரில், பிசிக்கு வந்தது 2015 ஏப்ரலில். ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2க்கும் ஓராண்டுக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது. ராக்ஸ்டாருக்கு பெங்களூரிலேயே ஒரு ஸ்டூடியோ இருக்கிறது. இந்த ஊர் பிசிக்காரர்கள் அதை நினைத்துப் பெருமைப்படலாமே தவிர, வரிசையில் முந்திப் போக முடியாது.

விலைக்கு வருவோம். டிஸ்க் டிரைவ் உள்ள பிஎஸ்5, 2021 பிப்ரவரியில் இந்தியாவுக்கு வந்தபோது 49,990 ரூபாய். அடுத்த ஆண்டின் இறுதியில் அது 54,990 ஆனது. கன்சோல் பழசாகப் பழசாக விலை குறையும் என்பது முந்தைய தலைமுறைகளில் பொய்க்காத கணக்கு; இந்தத் தலைமுறையில் அது தலைகீழாகிவிட்டது. 2025இல் அமெரிக்காவிலும் பிஎஸ்5, எக்ஸ்பாக்ஸ் இரண்டின் விலையும் உயர்ந்தன. ஆகவே, அடுத்த ஆண்டு குறையும் என்று காத்திருப்பது கன்சோல் விஷயத்தில் இனி உதவாது. பிஎஸ்5 ப்ரோவைப் பற்றிக் கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை: 2024 நவம்பரில் மற்ற நாடுகளுக்கு வந்த அது, 6 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அலைவரிசைக்கு இங்கே அப்போது அனுமதி இல்லாததால் இந்தியாவுக்கு வரவில்லை. கடைகளில் அப்போது கிடைத்தவை இறக்குமதிச் சரக்கு. அவற்றுக்கு இந்திய வாரண்டி எதிர்பார்க்க முடியாது. நின்டெண்டோ ஸ்விட்ச், வால்வ் நிறுவனத்தின் கையடக்க ஸ்டீம் டெக் இரண்டும்கூட இங்கே இறக்குமதிச் சரக்காகவே கிடைத்துவந்தன.

பிசியின் விலை இதைவிட மோசமாக ஆட்டம் காட்டுகிறது. கே.ஆர்.புரத்தில் இருக்கும் என் அக்கா மகன் பொறியியல் கல்லூரியில் சேர்ந்ததும், அவனுக்கு ஒரு பிசி அசெம்பிள் செய்வதற்காக எஸ்.பி. ரோட்டுக்குப் போனோம். டவுன் ஹாலுக்குப் பின்புறம், இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்கி நிற்க வேண்டிய நடைபாதையும், மாடி மாடியாகக் கடைகளும், வாசலிலேயே அடுக்கிவைத்த கேபினெட் அட்டைப்பெட்டிகளுமாக இருக்கும் தெரு அது. கடைக்காரர் பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் வரிசையாக எழுதினார்: பிராசசர், போர்டு, ரேம், எஸ்எஸ்டி, கிராஃபிக்ஸ் கார்டு, எஸ்எம்பிஎஸ் (பாகங்களுக்கு மின்சாரம் தரும் பெட்டி), கேபினெட். ரேம் என்ற வரிக்கு எதிரே விலையை எழுதி, அதன் கீழே கோடு போட்டு, இன்று மட்டும் என்று குறித்தார். "மாமா, போன வருஷம் என் சீனியர் வாங்கின விலையைவிட இது டபுளுக்கு மேல இருக்கே" என்றான் பையன். "நாளைக்கு வந்தா இதுவும் கிடைக்காது தம்பி" என்றார் அவர், எழுதிக்கொண்டே.

அவர் வியாபாரத்துக்காகச் சொன்ன பேச்சு அல்ல அது. செயற்கை நுண்ணறிவுக்காக உலகெங்கும் கட்டப்படும் டேட்டா சென்டர்கள் மெமரி சிப்களை மொத்தமாக அள்ளிக்கொள்வதால், 2025இன் பிற்பகுதியில் ரேம் விலை சில மாதங்களிலேயே இரண்டு மடங்கைத் தாண்டியது. நம் கடைகளில் பரவலாக விற்ற குரூஷியல் ரேம்களைத் தயாரித்துவந்த மைக்ரான், பொதுமக்களுக்கான அந்த வியாபாரத்திலிருந்தே விலகப்போவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. பிஎஸ்5 தரத்தில், அதாவது பெரும்பாலான புதிய கேம்கள் தடங்கல் இல்லாமல் ஓடும் அளவுக்கு ஒரு பிசி வேண்டுமென்றால், ஆர்டிஎக்ஸ் 5060 போன்ற ஒரு கிராஃபிக்ஸ் கார்டு தேவை; அந்தக் கார்டு மட்டுமே 30,000 ரூபாயை ஒட்டி வந்துவிடும். மற்ற பாகங்கள், மானிட்டர், கீபோர்டு, மவுஸ் எல்லாம் சேர்ந்து எங்கள் கொட்டேஷன் 90,000ஐத் தாண்டியது. பெட்டிக்குப் பெட்டி ஒப்பிட்டால், டிவி ஏற்கெனவே உள்ள வீட்டில் கன்சோல்தான் மலிவு; இதில் வாதாட இடமே இல்லை. அதே பணத்தில் கன்சோல் தரும் செயல்திறனை அசெம்பிள் செய்த பிசி தராது என்பதற்கும் காரணம் உண்டு: கன்சோல் நிறுவனங்கள் பெட்டியில் பெரிய லாபம் பார்ப்பதில்லை, பின்னால் விற்கும் ஒவ்வொரு கேமிலும் பங்கு எடுத்துக்கொள்கின்றன.

அந்தப் பின்னால் என்பதுதான் கணக்கை மாற்றுகிறது. பிஎஸ்5க்கு சோனியே வெளியிடும் பெரிய கேம் ஒன்றின் விலை இங்கே வழக்கமாக 4,999 ரூபாய். ஆண்டுக்கு நான்கு கேம் என்று வைத்துக்கொண்டால்கூட ஐந்து ஆண்டுகளில் ஒரு லட்சம் ஆகிவிடும். நண்பர்களோடு ஆன்லைனில் ஆட வேண்டுமானால் பிளேஸ்டேஷன் பிளஸ் சந்தா வேறு. இலவச கேம்களுக்கு மட்டும் அது தேவையில்லை. பிசியில் ஆன்லைனில் ஆடுவதற்கென்று தனியாக எந்தச் சந்தாவும் கிடையாது. 2015 முதல் ஸ்டீமில் ரூபாயிலேயே விலை போடுகிறார்கள், யுபிஐயில் கட்டலாம். பால்டர்ஸ் கேட் 3 போன்ற பெரிய கேம்கூட 2023இல் வெளியானபோது ஸ்டீமில் 2,999 ரூபாய்தான். கோடையிலும் ஆண்டின் இறுதியிலும் வரும் தள்ளுபடிகளில் ஓரிரு ஆண்டு பழைய கேம்கள் பாதி விலைக்கும் கீழே போகின்றன. எபிக் ஸ்டோர் வாரந்தோறும் ஏதாவது ஒரு கேமை இலவசமாகக் கொடுக்கிறது. வாங்கிய கேம் பிடிக்கவில்லை என்றால், இரண்டு மணி நேரத்துக்குள் விளையாடியிருந்து பதினான்கு நாளுக்குள் கேட்டால் ஸ்டீம் பணத்தைத் திருப்பித் தருகிறது. பிளேஸ்டேஷன் ஸ்டோரில் டவுன்லோடு தொடங்கிவிட்டால் பொதுவாக அந்தப் பேச்சே இல்லை. 2024இல் வந்த ஸ்டீம் ஃபேமிலி வசதியில், ஒரே வீட்டில் இருக்கும் ஆறு பேர் வரை தங்கள் கேம்களைப் பகிர்ந்துகொள்ளலாம்.

கன்சோல்காரர்களுக்கு இதில் ஒரு பதில் இருக்கிறது, அதைக் குறைத்து மதிப்பிடக் கூடாது: டிஸ்க். 4,999 கொடுத்து வாங்கிய டிஸ்க்கை முடித்துவிட்டு ஓஎல்எக்ஸில் பாதிக்கு மேல் விலைக்கு விற்கலாம், பழைய டிஸ்க்கை எக்ஸ்சேஞ்ச் செய்யும் கடையில் கொடுத்து வேறொன்று வாங்கலாம், அலுவலகத்தில் பக்கத்து இருக்கைக்காரரோடு மாற்றிக்கொள்ளலாம். ஒரு நேரத்தில் ஒரு கேமை மட்டும் விளையாடி முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகும் பழக்கம் உள்ளவருக்கு, பிசியின் தள்ளுபடிகளை இந்த வழி கிட்டத்தட்ட ஈடுசெய்துவிடும். அதனால்தான், சில ஆயிரம் மிச்சம் என்று டிஸ்க் டிரைவ் இல்லாத டிஜிட்டல் பதிப்பை வாங்குவதை நான் பரிந்துரைப்பதில்லை. இரண்டாம் கைச் சந்தை துடிப்பாக இருக்கும் இந்த ஊரில் அந்த மிச்சம் இரண்டு கேமிலேயே கரைந்துவிடும்.

மின்சாரத்தைப் பற்றி அதிகமாகப் பேசப்படுகிறது. நடுத்தர பிசியைப் பொறுத்தவரை அது தேவையில்லாத கவலை. பிஎஸ்5 ஓடும்போது சுமார் 200 வாட் இழுக்கும், அதனுடன் ஒரு பெரிய டிவி சேரும். 5060 வகைக் கார்டு உள்ள பிசியும் மானிட்டரும் சேர்ந்தாலும் ஏறக்குறைய அதே 300 வாட்தான். தினமும் மூன்று மணி நேரம் ஆடினால் மாதம் 27 யூனிட். கர்நாடக அரசின் இலவச மின்சாரத் திட்டமான கிருஹ ஜோதியில் இருப்பவர்கள், குறிப்பாக 200 யூனிட் வரம்புக்கு அருகில் இருப்பவர்கள், இதைக் கவனிக்க வேண்டும். அந்த 200ஐத் தாண்டினால் மின் நிறுவனமான பெஸ்காமின் பில் முழுவதையும் கட்ட வேண்டிவரும். விலை உயர்ந்த கார்டுகள் இதைப்போல் இரண்டு மடங்கு இழுப்பவை, அவை வேறு கணக்கு. மின்சாரம் போய் ஜெனரேட்டர் வருவதற்குள் உள்ள சில நொடிகளுக்காக பிசிக்கு ஒரு யுபிஎஸ் அவசியம் என்பதையும் விலையில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இதைவிட முக்கியமானது இடம். மாரத்தஹள்ளியிலோ பிடிஎம் லேஅவுட்டிலோ பிஜியில் இரண்டு பேரோடு அறையைப் பகிர்ந்துகொண்டிருப்பவருக்கு டெஸ்க்டாப் வைக்க மேசை இருக்காது. கன்சோலை மாட்ட டிவியும் இருக்காது. பதினோரு மாத ஒப்பந்தம் முடிந்ததும் வேறு ஏரியாவுக்கு மாறுபவர்கள், பொங்கலுக்கும் தீபாவளிக்கும் சேலத்துக்கோ மதுரைக்கோ பஸ் பிடிப்பவர்கள், கேமிங் லேப்டாப் பக்கம் சாய்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஒன்றைத் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும். லேப்டாப்பில் ஆர்டிஎக்ஸ் 4060 என்று எழுதியிருந்தாலும், அது டெஸ்க்டாப்பில் உள்ள 4060 போலவே ஓடும் என்று பொருளல்ல. எத்தனை வாட் கொடுக்கிறார்கள் என்பதைப் பொறுத்து ஒரே பெயருள்ள கார்டு இரண்டு லேப்டாப்களில் வெவ்வேறு வேகத்தில் ஓடும். அந்த எண் டப்பாவின் மேல் பெரிதாக எழுதியிருக்காது, கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். சார்ஜரைப் பிடுங்கிவிட்டு ஆட முடியாது. மூன்றாண்டு கழித்து கார்டை மாற்றவும் முடியாது. பெங்களூரின் மிதமான வெயில் சென்னைக்காரர்களுக்குக் கிடைக்காத கொடுப்பினை என்றாலும், எப்போதும் தோண்டிக்கிடக்கும் சாலைகளிலிருந்து வரும் தூசு ஃபேனை அடைத்துவிடும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை சுத்தம் செய்வது எல்லாவற்றுக்கும் பொது.

குடும்பமாக இருக்கும் வீட்டில் கேள்வியே வேறு. ஹாலில் இருக்கும் ஒரே டிவியில் மாலை ஏழு மணிக்கு மேல் தொடர்கள் ஓடும் என்றால், அதோடு கன்சோலைப் பிணைப்பது தினமும் ஒரு பஞ்சாயத்தை விலைக்கு வாங்குவது. மாறாக, அண்ணனும் தங்கையும், அல்லது கணவனும் மனைவியும் ஒரே சோபாவில் உட்கார்ந்து ஆளுக்கொரு கன்ட்ரோலரோடு கால்பந்து ஆட விரும்பினால் கன்சோலுக்கு ஈடு இல்லை. பிள்ளைகள் எவ்வளவு நேரம் ஆடுகிறார்கள், என்ன ஆடுகிறார்கள் என்பது ஹாலில் இருப்பதால் தானாகவே கண்ணில் படும். கதவைச் சாத்திக்கொண்ட அறையில் இருக்கும் பிசிக்கு அந்த வசதி இல்லை.

நேரமும் ஒரு செலவுதான். அவுட்டர் ரிங் ரோடு நெரிசலில் ஒன்றரை மணி நேரம் நின்றுவிட்டு வீடு திரும்பி, குழந்தையைத் தூங்க வைத்த பிறகு கிடைக்கும் முக்கால் மணி நேரத்தில் கன்சோல், விட்ட இடத்திலிருந்து சில நொடியில் தொடர்கிறது. பிசியில் அன்றைக்கென்று பார்த்து டிரைவர் அப்டேட் வரும், ஷேடர் கம்பைல் ஆகிறது (காட்சிகளை உங்கள் கார்டுக்கு ஏற்பத் தயார் செய்கிறது) என்று பத்து நிமிடம் பட்டை ஓடும், கேம் நடுவில் திணறினால் செட்டிங்ஸுக்குள் போய் ஒவ்வொன்றாகக் குறைத்துப் பார்க்க வேண்டும். இதிலேயே ருசி கண்டவர்கள் இருக்கிறார்கள். ரசிகர்கள் செய்து தரும் மாற்றங்களை (மாட்) போட்டு பழைய கேமைப் புதுசாக்குவது, கார்டின் வேகத்தை உயர்த்திப் பார்ப்பது எல்லாம் அவர்களுக்குக் கேமைவிடப் பெரிய பொழுதுபோக்கு. அந்த ருசி இல்லாதவர் பிசி வாங்கினால் வருத்தப்படுவார்.

எதை வாங்கினாலும் தவறவிடக் கூடாத சிறிய கேம்கள் பல இப்போது இரண்டிலும் கிடைக்கின்றன என்பது ஆறுதல். கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ்க் குடும்பத்தின் சமையலறையில் நடக்கும் வெண்பா, 2023 ஜூலையில் பிசி, பிஎஸ்5, எக்ஸ்பாக்ஸ், ஸ்விட்ச் நான்கிலும் ஒன்றாக வந்தது. அடுத்த ஆண்டு அறிமுக கேமுக்கான பாஃப்டா விருதையும் வாங்கியது. அதை ஓட்ட 30,000 ரூபாய்க் கார்டு எதுவும் வேண்டாம், சாதாரண லேப்டாப்பே போதும்.

என்னிடம் கேட்பவர்களுக்கு நான் சொல்வது இது. கல்லூரியில் படிப்பவருக்கும், வீடியோ எடிட்டிங், டிசைன், சொந்தமாகப் புரோகிராம் எழுதுவது என்று அலுவலகத்துக்கு வெளியே கணினி தேவைப்படுபவருக்கும் பிசி. விலை ஏறியிருந்தாலும், கேமுக்கென்று ஆகும் கூடுதல் செலவு அந்தக் கார்டும் சற்றே பெரிய எஸ்எம்பிஎஸும் மட்டுமே. அலுவலக லேப்டாப் போதும் என்று இருப்பவருக்கும், வீட்டில் நல்ல டிவி சும்மா இருப்பவருக்கும், ஜிடிஏ 6ஐ வந்த நாளிலேயே ஆட வேண்டும் என்பவருக்கும் டிஸ்க் டிரைவ் உள்ள பிஎஸ்5. எக்ஸ்பாக்ஸ் கன்சோலை இன்று புதிதாக வாங்குவதற்கு எனக்குத் தெரிந்து நல்ல காரணம் இல்லை. அதில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை பிசியிலும் கிடைக்கின்றன, பல கேம்களைச் சந்தாவில் தரும் மைக்ரோசாஃப்டின் கேம் பாஸ் கட்டணமும் 2025 அக்டோபரில் கடுமையாக ஏறியது.

கையில் 90,000 இல்லாமல் பிசிதான் வேண்டும் என்பவர்கள் எஸ்.பி. ரோட்டில் இரண்டாம் கைச் சரக்கைத் தேடுவார்கள். நிறுவனங்கள் கழித்துவிட்ட பழைய டெஸ்க்டாப்கள் அங்கே மலிவாகக் கிடைக்கின்றன, ஆனால் மெல்லிய கேபினெட் உள்ளவற்றில் முழு அளவுக் கார்டு உட்காராது, அவற்றின் எஸ்எம்பிஎஸ்ஸும் அதைத் தாங்காது. இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய பிராசசரில் விண்டோஸ் 11 முறைப்படி ஓடாது. 2025 அக்டோபரோடு விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு பொதுவாக முடிந்துவிட்டது. விண்டோஸ் 11இல் வேலரன்ட் ஆட டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு வசதிகள் இரண்டும் கணினியில் இருக்க வேண்டும். பழைய கார்டு வாங்குவதானால், அது முன்பு கிரிப்டோ மைனிங்கில் (கிரிப்டோ நாணயம் ஈட்டும் கணக்கீட்டில்) இரவு பகலாக ஓடியதா என்பதை வெளித்தோற்றத்தில் கண்டுபிடிக்க முடியாது. ஆகவே கடையிலேயே பிசியில் மாட்டச் சொல்லி, ஏதாவது ஒரு கனமான கேமை அரை மணி நேரம் ஓடவிட்டு, வெப்பம் எவ்வளவு ஏறுகிறது, ஃபேன் சத்தம் எப்படி என்று பார்த்த பிறகு பணம் கொடுங்கள். கார்டின் சீரியல் நம்பரை பில்லில் எழுதித் தர மறுக்கும் கடையில், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வாங்க வேண்டாம்.